கருப்பு மூடிக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், செத்துப்போன ஐ.சி.களின் (போர்டுகளில் இருக்கும் மின்னணுச் சுற்றுகள்) கருப்பு மூடியை அமிலத்தில் கரைத்து உள்ளே பார்ப்பதுதான் பெங்களூரில் இருபத்திரண்டு ஆண்டு நான் பார்த்த வேலை என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். சிங்காநல்லூர் வீட்டுக்கு அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை எல்லாம் ஐ.சி. கேள்விகள்தான்.

கேள்வி: எங்கள் தோட்டம் பல்லடம் பக்கம். போர் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் (போனிலிருந்தே மோட்டாரை ஓட்டும் கருவி) வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. காலையில் போன் போட்டால் மோட்டார் எடுக்கவில்லை. மெக்கானிக் "ஐ.சி. அடிச்சுப் போச்சுங்க" என்கிறார். விற்ற கம்பெனி "வோல்டேஜ் ஏறிப் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறது. ஐ.சி.யைத் திறந்து பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரியுமா அம்மா?
– ஒரு விவசாயி, பல்லடம்

பதில்: பாதி தெரியும். மீதிப் பாதிக்கு நீங்கள் வைத்திருக்கும் போர்டும் உங்கள் ஞாபகமும்தான் சாட்சி.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நாம் ஐ.சி. என்று கையில் பிடிக்கும் கருப்புக் கட்டியில் பெரும்பகுதி வெறும் மூடிதான். எபாக்சி பிசினோடு சிலிக்கா பொடியைக் கலந்து வார்த்தது. எடையில் பெரும்பகுதி அந்தப் பொடியே இருக்கும். நடுவில் அரிசி நொய் அளவுக்கோ, சுண்டுவிரல் நகம் அளவுக்கோ ஒரு சிலிக்கான் சில்லு. அதிலிருந்து வெளிக்கால்களுக்கு மெல்லிய கம்பிகள் ஓடும். ஒரு கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரான். தலைமுடி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமன்.

மின்னழுத்தம் மிஞ்சி அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்து போன சில்லைத் திறந்தால், பெரும்பாலும் பார்த்தவுடனே தெரியும். அலுமினியத் தடங்கள் உருகி ஓடியிருக்கும். மேலிருந்த எபாக்சி கருகி, அமிலத்துக்கும் கரையாமல் அப்பிக்கொண்டு நிற்கும். சில நேரம் கம்பியே உருகி இரண்டு முனையிலும் சிறு உருண்டையாகத் திரண்டிருக்கும். தயாரிப்புக் குறை என்றால் தடயம் வேறு மாதிரி இருக்கும். கம்பியின் அடி சில்லிலிருந்து தூக்கியிருக்கும், சில்லில் விரிசல் ஓடியிருக்கும், அல்லது ஈரமும் குளோரினும் புகுந்து அலுமினியம் அரித்திருக்கும். கை பட்டுப் பாயும் நிலைமின்சாரத்தால் போனது என்றால் பாதிப்பு ஊசிமுனையைவிடச் சிறிது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாமலே போகலாம். அடுக்கடுக்காக உரித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேட வேண்டும்.

ஆனால் கருகல் தெரிந்ததும் கம்பெனி ஜெயித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிகுந்த மின்சாரம் பாய்ந்தது என்பதை மட்டும்தான் கருகல் சொல்லும். அது வெளி லைனிலிருந்து வந்ததா, போர்டில் பாதுகாப்பு போதாததால் உள்ளே புகுந்ததா, சால்டர் சரியில்லாமல் பொறி பறந்ததா என்பதைச் சொல்லாது. அதைப் போர்டில்தான் தேட வேண்டும். மூன்று பேஸ் வயர் போர்டுக்குள் நுழையும் இடத்தில் நாணயம் போல் வட்டமாக, பெரும்பாலும் நீல நிறத்தில் ஒரு உறுப்பு இருக்கிறதா பாருங்கள். அது வாரிஸ்டர். மின்னழுத்தம் மிஞ்சினால் அதைத் தானே வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றுவது அதன் வேலை. அது வெடித்திருந்தால் லைன் வழியாக மின்னழுத்தம் மிஞ்சி வந்திருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். அந்த இடத்தில் வாரிஸ்டரே வைக்கவில்லை என்றால், இடி இடிக்கும் ஊரில் விற்கிற ஸ்டார்ட்டருக்கு அது ஏன் இல்லை என்று நீங்கள்தான் கம்பெனியிடம் கேட்க வேண்டும். அது நியாயமான கேள்வி.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மெக்கானிக் ஹாட் ஏர் கன்னால் (சூடான காற்றை ஊதி சால்டரை உருக்கும் கருவி) ஐ.சி.யைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஒரே ஒரு ஐ.சி. வந்தது. குளிர்ந்திருக்கும்போது வேலை செய்யும், சூடானால் நின்றுவிடும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். எனக்கு உள்ளே பார்க்கும் ஆவல். கால்களை அளந்து பதியவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, அன்றே அமிலத்தில் திறந்துவிட்டேன். உள்ளே எல்லாம் பளிச்சென்று இருந்தது. கால்களை அளந்தால் எல்லாம் சரி, சூடாக்கினாலும் சரி. பழுது காணாமல் போய்விட்டது.

என்ன நடந்தது என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று. அதே வாடிக்கையாளரிடமிருந்து இரண்டாவது ஐ.சி. வந்தபோது என் மேலதிகாரி அதைத் தண்ணீருக்குள் வைத்து மீயொலியால் பார்க்கும் கருவியில் முதலில் வைத்தார். காற்று இடைவெளி இருக்கும் இடத்தில் ஒலி முழுக்கத் திரும்பி வரும். படத்தில் அந்த இடம் தனியாகத் தெரியும். சில்லின் ஒரு மூலையில் எபாக்சி பிடிப்பு விட்டிருந்தது. சூட்டில் எபாக்சி விரியும்போது கம்பியின் அடியைத் தூக்கியிருக்கிறது, ஆறினால் அது மறுபடி உட்கார்ந்திருக்கிறது. முதல் ஐ.சி.யில் நான் கரைத்துக் கழுவி ஊற்றியது அந்த எபாக்சியைத்தான். பழுதை உண்டாக்கியதும் அதுதான், அதற்கு இருந்த ஒரே சாட்சியும் அதுதான். இந்த இரண்டு மாதமும் அந்த வாடிக்கையாளரின் இயந்திரங்கள் அதே கோளாறோடு ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கும் நினைத்தால் வயிறு பிசைகிறது.

அதனால் ஒரு ஐ.சி.யைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இதைச் செய்யுங்கள். மெயினை அணைத்து, மூன்று பேஸையும் கழற்றி, போர்டு முழுதாக இருக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுங்கள். இடி இடித்த தேதி, அன்று பக்கத்துத் தோட்டங்களில் வேறு யாருக்காவது டி.வி., போர் மோட்டார் போனதா என்பதை எழுதி வையுங்கள். அதே மாடல் ஸ்டார்ட்டர் பக்கத்தில் யாரிடமாவது நன்றாக இருந்தால், அதையும் அதேபோல் மின்சாரத்திலிருந்து கழற்றி, இரண்டு போர்டையும் அருகருகே வைத்து, மல்டிமீட்டரை டையோடு நிலையில் போட்டு, ஒவ்வொரு காலையும் கிரவுண்டோடு அளக்கச் சொல்லுங்கள். நல்ல போர்டில் 0.6 வோல்ட் போல் காட்டும் கால், கெட்ட போர்டில் பூஜ்யம் காட்டினால் அந்தக் கால் உள்ளே ஷார்ட். எந்தக் கால் என்று தெரிந்தாலே, லைன் பக்கம் போனதா, சிம் பக்கம் போனதா என்று பாதிக் கதை தெரிந்துவிடும்.

ஒரு ஸ்டார்ட்டருக்காக ஐ.சி.யை ஆய்வகத்தில் திறப்பது கட்டுப்படியாகாது. ஆனால் உங்கள் பக்கத்தில் அதே மாடல் பத்துப் பேருக்குப் போயிருந்தால், பத்துப் பேரும் சேர்ந்து எனக்கு எழுதுங்கள். அப்போது திறந்து பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: முப்பது வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். முன்பு ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் மாற்றினால் நாலு நோம்பி ஓடும். இப்போது 5200, 1943 ஜோடி போட்டால் ஊர்ப் பொங்கல் முடிவதற்குள் புகைகிறது. டூப்ளிகேட்டா என்று கண்டுபிடிப்பது எப்படி?
– மைக் செட் உரிமையாளர், பவானி

பதில்: நீங்கள் சொல்லும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி உலகம் முழுக்க அதிகம் போலியாக வரும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று. ஒரிஜினலின் அளவு 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். இவ்வளவு தாங்குவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லின் பரப்பு. பெரிய சில்லு பெரிய மின்சாரத்தைத் தாங்கும், சூட்டையும் அடியில் இருக்கும் செம்புத் தகட்டுக்குச் சீக்கிரம் கடத்தும். போலி செய்பவர் சின்னச் சில்லை வைத்துப் பெரிய எண்ணை அச்சடிக்கிறார். மெதுவாகப் பாட்டுப் போட்டால் ஓடும். உடுக்கையும் பம்பையும் சேர்ந்து வரும்போது போய்விடும்.

உங்களுக்கு அமிலம் எதுவும் தேவையில்லை. செத்த டிரான்சிஸ்டர்கள் உங்கள் டப்பாவில் கிடக்கும். பழைய, நன்றாக உழைத்துச் செத்த ஒன்றையும், ஒரே நாளில் புகைந்த ஒன்றையும் எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி, வைஸில் வைத்து மெல்ல நெரித்தால் பிளாஸ்டிக் தெறித்துச் செம்புத் தகடும் மேலே சில்லும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலி என்றால் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். பழைய 2என்3055 தொப்பி டிரான்சிஸ்டர் என்றால் ஹாக்ஸா பிளேடால் தொப்பியின் விளிம்பைச் சுற்றி அறுத்தால் போதும்.

உடைக்காமல் சோதிக்கவும் வழி இருக்கிறது. கடையில் வாங்கும்போது இதுதான் உதவும். கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கு அளவு) அளக்கும் மீட்டரில் பேஸ், கலெக்டர் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். சில்லின் பரப்பு குறைந்தால் கெப்பாசிட்டன்ஸும் குறையும். நம்பிக்கையான ஒரு டிரான்சிஸ்டரை அளந்து குறித்து வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குவதை அதனோடு ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே காட்டினால் வாங்காதீர்கள்.

அசிட்டோன் சோதனையும் பலர் சொல்வார்கள். பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேல்பக்கம் தேய்ப்பது. இதில் ஒரு எச்சரிக்கை: வெள்ளை எழுத்து மட்டும் அழிந்தால் போலி என்று முடிவுகட்டக் கூடாது, ஒரிஜினலிலும் சில மை அழியும். பஞ்சில் கருப்புச் சாயம் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே கருப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அச்சிலிருந்து தள்ளும்போது விழும் வட்டப் பள்ளத்தையும் பாருங்கள். ஒரிஜினலில் அதன் விளிம்பு கூர்மையாக, அடி வழவழப்பாக இருக்கும். பூச்சு அடித்ததில் பள்ளம் மழுங்கி, பாதி மூடியிருக்கும்.

இன்னொன்று. வெள்ளைப் பீங்கான் அடி வைத்த பழைய டிரான்ஸ்மிட்டர் டிரான்சிஸ்டர்கள் கையில் கிடைத்தால் உடைக்கவோ அராவவோ கூடாது. சிலவற்றில் அந்தப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் ஆயுளுக்கும் நோய்.

கேள்வி: கணபதியில் சின்ன யூனிட் வைத்து மோட்டார் பேனல் செய்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் ஒரு ஐ.சி.யைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். புரோக்கர் ஒருவர் "பழைய ஸ்டாக், சீல் உடைக்காதது" என்று 500 தருகிறேன் என்கிறார். நம்பலாமா? திறந்து பார்த்தால் என்ன தெரியும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நிறுத்தப்பட்ட ஐ.சி.தான் போலிக்கு முதல் இலக்கு. தேவை இருக்கும், விலை ஏறும், கம்பெனியில் கேட்க முடியாது. குப்பையில் வரும் பழைய கணினிப் போர்டுகளைச் சூடாக்கி ஐ.சி.களைத் தட்டி எடுத்து, மேல்பக்கத்தைத் தேய்த்து, பூச்சடித்து, வேறு எண்ணும் புதிய தேதியும் அச்சடித்து ரீலில் சுற்றுவது பெரிய தொழிலாகவே நடந்திருக்கிறது. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012ல் வெளியிட்ட அறிக்கையில், 2009, 2010 இரண்டே ஆண்டில் ராணுவத் தளவாடச் சப்ளையில் சுமார் 1,800 சந்தேக நேர்வுகள், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே நுழைந்தது, கணபதிக்கு வராமல் இருக்காது.

500ம் வாங்குவதற்கு முன் ஒரு பத்து கேளுங்கள். முதலில் எக்ஸ்ரே. பத்திலும் சில்லின் அளவும், அடியில் உள்ள உலோகச் சட்டமும், கம்பிகள் ஓடும் விதமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரே தேதிக் குறியீட்டில் இரண்டு விதச் சட்டம் தெரிந்தால் கலப்படம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம், திறக்கவே வேண்டாம்.

எக்ஸ்ரேயில் சரியாக இருந்தால் இரண்டு மூன்றைத் திறக்கலாம். சில்லின் ஓரத்தில் கம்பெனியின் முத்திரை எழுத்து, வடிவமைப்பு எண், பல நேரம் ஆண்டும் இருக்கும். வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கோருவதற்காகப் பொறிப்பது அந்த ஆண்டு. அமெரிக்காவில் இதற்கு 1984ல் தனிச் சட்டம் வந்தது, நம் நாட்டில் 2000ல். இப்போது கணக்கு எளிது. மேலே 0932 என்று அச்சடித்திருந்தால் 2009ஆம் ஆண்டு 32ஆம் வாரம் தயாரித்தது என்று பொருள். உள்ளே சில்லில் 2011 என்று இருந்தால்? பிறக்காத சில்லை இரண்டு வருடம் முன்பே மூடியிருக்க முடியாது. மேலே 0932, உள்ளே 1998 என்றிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே வடிவமைப்பை வருடக்கணக்காக ஓட்டுவது வழக்கம்தான்.

சரி, சில்லு ஒரிஜினல் என்றே தெரிகிறது. அப்போதும் அது புதிதா, பத்து வருடம் ஓடிக் கழற்றியதா என்பது சில்லில் தெரியாது. அதைக் கால்களில்தான் பார்க்க வேண்டும். வளைத்து நிமிர்த்திய கீறல், மறுபடி ஈயம் தோய்த்த தடம் தெரியும். உங்களிடம் பழைய பேனலில் கம்பெனியிலிருந்தே நேராக வாங்கிய ஐ.சி. ஒன்று இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒப்பிட ஒரு உண்மையான மாதிரி இல்லாமல் எந்த ஆய்வகமும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் ஏற்றும் யு.எஸ்.பி. கேபிள் பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்தது, புதியதில் எடுக்கவில்லை. "உள்ளே இருக்கிற எஃப்.டி. ஐ.சி. டூப்ளிகேட், டிரைவர் கண்டுபிடிச்சிருச்சு" என்கிறார் ஒருவர். டிரைவர் எப்படிக் கண்டுபிடிக்கும்?
– மெஷின் மெக்கானிக், திருப்பூர்

பதில்: அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். டிரைவர் என்பது கேபிளோடு பேசுவதற்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மென்பொருள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர்எல் என்ற, இப்படிப்பட்ட யு.எஸ்.பி. கேபிள்களில் வைக்கும் ஐ.சி.க்குப் போலி ஏராளம். 2014 தொடக்கத்தில் ரஷ்யாவைச் சேர்ந்த சில்லுப் பட ஆர்வலர்கள் ஒரிஜினலையும் போலியையும் திறந்து படம் எடுத்து வெளியிட்டார்கள். நான் அந்தப் படங்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. போலி என்றால் ஒரிஜினல் வடிவமைப்பைக் காப்பியடித்திருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்போம். உள்ளே இருந்தது முற்றிலும் வேறு சில்லு. பொதுவான ஒரு மைக்ரோகன்ட்ரோலருக்குள் (நிரலைப் பொறுத்து வெவ்வேறு வேலை செய்யும் சில்லு) எஃப்டி232 போல நடிக்க ஒரு நிரலைத் தயாரிப்பிலேயே பதித்திருந்தார்கள். மேலே மட்டும் அதே பெயர்.

நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரிஜினலின் எல்லாப் பழக்கமும் அதற்கு வராது. அதே 2014 அக்டோபரில் நிறுவனத்தின் புதிய டிரைவர் அந்த வித்தியாசத்தைப் பிடித்து, போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. பிறகு கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல் அதை எடுக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பி டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். என் கருத்து, அது தவறான தண்டனை. கேபிள் வாங்கிய மெக்கானிக் போலி செய்தவர் இல்லையே. உங்கள் கேபிளை வேறு கம்பெனி ஐ.சி. வைத்த கேபிளாக, ரசீதோடு மாற்றிவிடுங்கள். திறந்து பார்க்கும் செலவு வேண்டாம்.

கேள்வி: பட்டறையில் இருக்கிறோம். ஐ.சி.க்குள் தங்கக் கம்பி இருக்கிறதாம். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போர்டு கிடைக்கிறது. திராவகத்தில் போட்டு எடுக்கலாமா?
– தங்க நகைத் தொழிலாளி, கோவை

பதில்: என் அப்பாவும் பெரிய கடை வீதியில் பட்டறை வைத்திருந்தவர். வெடியுப்புத் திராவகம் (நைட்ரிக் அமிலம்) செம்பைத் தின்னும், வெள்ளியைத் தின்னும், தங்கத்தைத் தொடாது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அவரிடம் தெரிந்துகொண்டேன். ஐ.சி. திறக்கும் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். தண்ணீர் கலக்காத, புகை விடும் நைட்ரிக் எபாக்சியைக் கரைக்கும், தங்கக் கம்பியைத் தொடாது, சில்லின் அலுமினியத்தையும் பெரிதாகத் தொடாது. தண்ணீர் கலந்துவிட்டால் அலுமினியம் அரிக்கும். இப்போது பல ஐ.சி.களில் தங்கத்துக்குப் பதில் செம்புக் கம்பி. தங்கம் விலை ஏறியதால் கம்பெனிகள் மாறிவிட்டன. நைட்ரிக்கை மட்டும் ஊற்றினால் மூடியோடு கம்பியும் போய்விடும். அதனால் கந்தகத் திராவகம் (சல்ஃப்யூரிக் அமிலம்) கலந்து சூட்டைக் குறைத்துச் செய்கிறார்கள், அல்லது லேசரால் பெரும்பகுதியைச் சுரண்டிவிட்டுக் கடைசிக்கு மட்டும் அமிலம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 25 மைக்ரான் தடிமனில் 2 மில்லிமீட்டர் நீளக் கம்பி ஒன்றின் எடை ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. 16 கால் ஐ.சி. ஒன்றில் எல்லாம் சேர்த்து 0.3 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 3,300 ஐ.சி., ஒரு சவரனுக்கு 26,000 ஐ.சி.யைக் கரைக்க வேண்டும். அதிலும் எத்தனையில் செம்பு என்று வெளியிலிருந்து தெரியாது.

தயவுசெய்து வேண்டாம். கிளம்பும் செம்பழுப்புப் புகை உடனே மூச்சை அடைத்தால்கூடப் பரவாயில்லை, ஓடிவந்துவிடலாம். லேசாக இருமிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். அதில் உயிர் போகும். எபாக்சியைக் கரைத்த திராவகத்தைச் சாக்கடையில் ஊற்றினால் அது கடைசியில் நொய்யலுக்குத்தான் போகும். நொய்யல் பட்டது போதும்.

கேள்வி: ஈர நாட்களில் புதிய ஐ.சி.யை ஹாட் ஏரில் வைக்கும்போது "டப்" என்று ஒரு சத்தம். அதன்பின் ஐ.சி. வேலை செய்வதில்லை. ஏன்?
– சர்வீஸ் கடை, பொள்ளாச்சி

பதில்: எபாக்சி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். திடீரென்று சூடு காட்டினால் அந்த ஈரம் ஆவியாகி, சில்லுக்கும் எபாக்சிக்கும் நடுவே பிளந்துகொண்டு வெடிக்கும். சோளம் பொரிவதும் இப்படித்தான், எங்கள் துறையில் பெயரும் அதுவே. பையின் மேல் ஒட்டியிருக்கும் ஈரப்பத எச்சரிக்கைச் சீட்டைப் படித்து, பையைப் பிரித்தபின் சொன்ன நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். நேரம் தவறிவிட்டால் 125 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து உலர்த்துவது வழக்கம். சரியான நேரம் ஐ.சி.யின் தடிமனைப் பொறுத்தது. ரீலோடு வைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் ரீல் அந்தச் சூட்டைத் தாங்காது.

கேள்வி: மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். உங்கள் பத்தியைப் படித்ததிலிருந்து ஒரு சில்லையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. கெமிஸ்ட்ரி லேபில் நைட்ரிக் இருக்கிறது. ரோசினில் (சால்டர் வைக்கும்போது பயன்படும் மரப்பிசின்) கொதிக்க வைத்தாலும் திறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஹாஸ்டலில் செய்யலாமா?
– ஒரு மாணவி, பெருந்துறை

பதில்: கூடாது அம்மிணி, இரண்டுமே கூடாது. உங்கள் லேபில் இருப்பது தண்ணீர் கலந்த நைட்ரிக். அது எபாக்சியைத் திறப்பதற்குள் கால்களைத் தின்றுவிடும். ரோசினில் திறக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை 300 டிகிரிக்கு மேல் கொதிக்க விட வேண்டும். புகையும் நெருப்பும் ஹாஸ்டல் அறைக்குள் விளையாடும் விஷயம் இல்லை.

திறக்காமலே பார்க்கக்கூடிய சில்லு இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில், பழைய மில் இயந்திரங்களின் கன்ட்ரோல் கார்டுகளில் 27 என்று தொடங்கும் எண்ணுள்ள இ.பி.ரோம். உதாரணமாக 27சி256. புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழிய வேண்டும் என்பதற்காக அதன் தலையில் குவார்ட்ஸ் ஜன்னல் வைத்திருப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டை உரித்தால் சில்லு நேராகத் தெரியும். கம்பிகள்கூடத் தெரியும். சோமனூரிலோ ஈரோட்டிலோ பழைய எலக்ட்ரானிக் தறிக் கார்டுகள் எடைக்குப் போகும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

பார்ப்பதற்குச் சாதாரண நுண்ணோக்கி உதவாது. அடியிலிருந்து விளக்கு வரும், சிலிக்கான் வெளிச்சத்தை விடாது. மெக்கானிக்கல் துறையில் உலோகவியல் லேபுக்குப் போங்கள். அங்கே வார்ப்பிரும்பு மாதிரிகளைப் பார்க்க, லென்ஸ் வழியாகவே மேலிருந்து வெளிச்சம் விழும் நுண்ணோக்கி இருக்கும். ஜன்னல் நடுவே இருப்பதால் அதிக மடங்கு காட்டும் பொருளருகு லென்ஸ் இடித்துவிடும். 5 மடங்கு, 10 மடங்கு லென்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் பெரிய, ஒரே மாதிரி நெய்த துணி போன்ற பரப்பு தெரியும். அது நினைவக அறைகள், 27சி256 என்றால் 2,62,144 அறை. அதைச் சுற்றியிருக்கும் ஒழுங்கில்லாத பகுதியில்தான் எந்த அறையைத் திறப்பது என்று முடிவுசெய்யும் சுற்று இருக்கிறது. ஓரங்களில் சதுரச் சதுரமாகக் கம்பி உட்காரும் இடங்கள். எல்லா ஓரத்தையும் மெதுவாகச் சுற்றி வாருங்கள். பெரும்பாலும் எங்கேயாவது ஒரு மூலையில் கம்பெனியின் எழுத்தும், பல நேரம் ஆண்டும் இருக்கும். கண்ணருகு லென்ஸில் போன் கேமராவை வைத்தே படம் எடுக்கலாம். எடுத்தால், ஐ.சி.யின் மேலே அச்சடித்திருக்கும் தேதியையும் சேர்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள்.